கண்ணாடியின் குறையும் நீலக்கல்லின் குறையும்

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் காமியோகா என்றொரு சிற்றூர் இருக்கிறது. துத்தநாகமும் ஈயமும் வெட்டி வாழ்ந்த சுரங்க ஊர். தாது எடுத்தது போக எஞ்சிய இக்கெனோயாமா மலையின் வயிற்றுக்குள் இன்று இரண்டு பெரிய அறிவியல் கருவிகள் இயங்குகின்றன. ஒன்று சூப்பர் காமியோகாண்டே. 50,000 டன் நீர் நிரம்பிய அந்தத் தொட்டியின் உட்சுவர் முழுவதும் 11,000-க்கும் மேற்பட்ட கண்ணாடிக் குமிழ்கள் பதிந்திருக்கின்றன. நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒன்று எப்போதாவது நீரில் மோதும்போது பிறக்கும் மெல்லிய ஒளியை அவை பிடிக்கின்றன. மற்றொன்று காக்ரா. 3 கி.மீ. நீளமுள்ள இரண்டு சுரங்கவழிகள் செங்கோணத்தில் பிரிந்து செல்ல, அவற்றில் தொங்கும் ஆடிகளுக்கிடையே லேசர் ஒளி போய்வருகிறது. ஈர்ப்பலை கடந்து செல்லும்போது அந்தத் தூரம் மாறுவதை அளப்பதே அதன் வேலை. அதன் முதன்மை ஆடிகள் நான்கும் நீலக்கல்லில் செய்தவை. ஒவ்வொன்றும் 22 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. தடிமனும் ஏறத்தாழ 23 கிலோ எடையும் கொண்டது.

இரண்டு கருவிகளோடும் ஒரே பெயர் சேர்ந்திருக்கிறது. நியூட்ரினோக்கள் வகை மாறுகின்றன என்று முதல் கருவியில் கண்டதற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்ற தகாகி கஜிதா, காக்ரா திட்டத்துக்கும் தலைமையேற்றார். ஒரே மலை, ஒரே இயற்பியலாளர். ஓரிடத்தில் கண்ணாடி, இன்னோரிடத்தில் நீலக்கல். ஏன்?

நீலக்கல் வலியது, விலை உயர்ந்தது, ஆகவே நுட்பமான வேலைக்கு அது என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த விடை தவறு. உலகின் மிக நுட்பமான ஈர்ப்பலைக் கருவியான அமெரிக்காவின் லிகோவில் தொங்குபவை கண்ணாடி ஆடிகள்தான். கருவி வடிப்பவர்கள் குறையற்ற பொருளைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. எந்தப் பொருளின் எந்தக் குறை தங்கள் அளவையைக் கெடுக்காது என்று கணக்குப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்கு ஒரு வகைக் குறை, நீலக்கல்லுக்கு வேறு வகைக் குறை. இரண்டும் அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்திலிருந்தே பிறக்கின்றன.

நீலக்கல் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் சேர்ந்த படிகம். கனிமவியலில் அது குருந்தம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் குருந்தம் உண்டு. அது ஒளி ஊடுருவாத வகை. இலங்கையின் இரத்தினபுரி ஆற்று வண்டலில் அகப்படும் நீலத்துக்குக் காரணம் அதில் கலந்த சொற்ப இரும்பும் டைட்டானியமும். சொற்பக் குரோமியம் கலந்தால் அதே கல் மாணிக்கமாகும். ஒன்றும் கலக்காவிட்டால் நீர்போல நிறமற்றது. ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் வாங்குவது இந்த நிறமற்ற, செயற்கையாக வளர்த்த கல்லைத்தான். நகைக்கடைக்காரர் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். புள்ளி வைத்து இழுத்த கோலம்போல, ஓரிடத்தில் அணு எப்படி அமர்ந்திருக்கிறதோ அப்படியே கல்லின் மறுமுனை வரை அமர்ந்திருக்கும்.

கண்ணாடியில் அந்த நீண்ட ஒழுங்கு இல்லை. சிலிக்கான் அணு ஒவ்வொன்றையும் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் நாலைந்து அணு தள்ளிப் போனால் எது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. உருகிய குழம்பு படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காமல் குளிர்ந்து இறுகிவிட்ட நிலை அது. இதைக் கேள்விப்பட்டவர்கள் அடுத்துச் சொல்வது, கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், பழைய தேவாலயச் சன்னல்களின் அடிப்பகுதி தடித்திருப்பது அது வழிந்ததால்தான் என்பது. இது கதை. அக்காலத்துத் தகடுகள் சீரற்ற தடிமனில்தான் உருவாயின. அறைவெப்பத்தில் கண்ணாடி வழிந்தோட நூற்றாண்டுகள் போதாது. வழிந்தோடாதே தவிர, அது முற்றிலும் அசையாமலும் இருப்பதில்லை. இந்த இரண்டாவது செய்திதான் கருவிகளுக்கு முக்கியம், அதை முதலில் பொறுமையோடு அளந்தவர் ஜேம்ஸ் ஜூல்.

ஆற்றல் அலகுக்குப் பெயர் தந்த அதே ஜூல். மான்செஸ்டர்காரர். 1844-இல் தம்மிடமிருந்த பாதரச வெப்பமானியை உருகும் பனியில் வைத்துச் சுழிப்புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்தார். பிறகும் விடாமல் குறித்துக்கொண்டே வந்தார். கடைசிக் குறிப்பு 1882 டிசம்பரைச் சேர்ந்தது. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் சுழிப்புள்ளி ஏறிக்கொண்டே போயிருந்தது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. மொத்தம் ஏறத்தாழ ஒரு பாரன்ஹீட் பாகை. பனியின் உருகுநிலை மாறவில்லை, பாதரசமும் மாறவில்லை. அடியிலிருந்த கண்ணாடிக் குமிழ் சுருங்கியிருந்தது. ஊதுலையிலிருந்து வெளிவந்து அவசரமாகக் குளிர்ந்தபோது சற்றே தளர்வாக மாட்டிக்கொண்ட அணுக்கள், ஆண்டுக்கணக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டிருந்தன.

இன்னொரு தொல்லையும் இருந்தது. வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துவிட்டு உடனே பனியில் வைத்தால் சுழிக்கும் கீழே காட்டும். சூட்டில் விரிந்த குமிழ் உடனே பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. நேற்று எதை அளந்தோம் என்பதைப் பொறுத்து இன்றைய அளவு மாறும் கருவியை வைத்து வானிலைப் பதிவேடு எழுதுவது எப்படி? அன்று துரிங்கியா வட்டாரத்தின் ஊதுலைகளில் செய்த வெப்பமானிகளுக்கு இந்தப் பழியே நிலைத்திருந்தது.

சிக்கலை அவிழ்த்தவர்கள் வேதியியல் வழியாகப் போனார்கள். சோடா, பொட்டாஷ் என்ற இரண்டு காரங்களும் ஒன்றாகக் கலந்த கண்ணாடியில் இந்தப் பின்னிறக்கம் மிக அதிகம், ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் குறைவு என்று பெர்லினில் ருடால்ஃப் வெபர் கண்டார். ஓட்டோ ஷாட் அதை முறையாகத் தொடர்ந்தார். ஷாட்டும் எர்ன்ஸ்ட் ஆபேயும் கார்ல் சைஸும் சேர்ந்து 1884-இல் யெனா நகரில் கண்ணாடித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்கள். பிரஷ்ய அரசு மானியம் தந்தது. அங்கே பிறந்த 16-III என்ற வெப்பமானிக் கண்ணாடியில் சோடா மட்டுமே உண்டு. சுழிப்புள்ளியின் அலைச்சல் பாகையின் சிறு பின்னமாகக் குறைந்தது. இரண்டு காரங்கள் சேரும்போது ஏன் இப்படி என்ற விவாதம் கண்ணாடி இயற்பியலில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகத் தொழில் காத்திருக்கவில்லை. யெனா ஆய்வுக்கூடத்தின் பெருமையாகப் பலரும் சொல்வது அதன் நுண்ணோக்கி வில்லைகளை. எனக்கு அதைவிட இந்த வெப்பமானிக் கண்ணாடியே பெரிய சாதனையாகப் படுகிறது. வில்லையின் குறை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெப்பமானியின் குறை எண்ணாக மாறி ஏட்டில் ஏறிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்த ஷாட் நிறுவனம் 1968-இல் செரோடூர் என்ற பொருளை உருவாக்கியது. அதில் கண்ணாடியும் உண்டு, படிகமும் உண்டு. இறுகிய கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்களை வளரவிடுகிறார்கள். சூடேறும்போது கண்ணாடிப் பகுதி விரிகிறது, படிகங்கள் ஒரு திசையில் சுருங்குகின்றன. கூட்டிக் கழித்தால் விரிவு ஏறத்தாழ இல்லை. தொலைநோக்கி ஆடிகளுக்கு இது வரமாக வாய்த்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்டு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி செரோடூர்தான். வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது, பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் தேய்த்து மெருகிட்டார்கள். பகல் வெயிலில் காய்ந்து இரவில் சட்டென்று குளிரும் மலைமேல், வடிவம் மாறாத ஆடி கிடைப்பது சிறிய காரியமல்ல.

இனி இழைக்கு வருவோம். 1887-இல் லண்டனில் சார்லஸ் வெர்னன் பாய்ஸ் என்ற இயற்பியலாளருக்கு மிக மெல்லிய தொங்கு இழை ஒன்று தேவைப்பட்டது. எடை ஒன்றைத் தொங்கவிட்டு, அது திரும்பும் கோணத்தை வைத்து நுண்ணிய விசைகளை அளக்கும் கருவிக்காக. பட்டிழை காற்றின் ஈரத்தைக் குடித்து முறுக்கு மாறியது. உலோகக் கம்பி ஒருமுறை முறுக்கினால் பழைய நிலைக்குச் சரியாகத் திரும்பவில்லை. பாய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? சிறிய குறுக்குவில் ஒன்றைச் செய்தார். வைக்கோல் அம்பின் வாலில் குவார்ட்ஸ் துண்டைப் பொருத்தி, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடரில் அது உருகும் தருணத்தில் அம்பை எய்தார். நீண்ட அறையைக் கடந்து அம்பு பறந்தபோது அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இழை நீண்டுகிடந்தது. உருகும்போது குவார்ட்ஸ் தன் படிக ஒழுங்கை இழந்துவிடுகிறது. கிடைத்த இழை கண்ணாடிதான், ஆனால் காரம் எதுவும் கலக்காத தூய சிலிக்காக் கண்ணாடி. முறுக்கினால் பிசகாமல் திரும்பியது. அந்த இழையை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நிலவறையில், தெரு நடமாட்டம் ஓய்ந்த இரவுகளில், ஈர்ப்பு மாறிலியை அளந்து 1895-இல் வெளியிட்டார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் லிகோ அதே இழையிடம் வந்து சேர்ந்தது. 34 செ.மீ. விட்டமும் 40 கிலோ எடையும் கொண்ட சிலிக்காக் கண்ணாடி ஆடி ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கு சிலிக்கா இழைகளில் தொங்குகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை கடந்து சென்றபோது 4 கி.மீ. தூரத்தில் ஏற்பட்ட மாற்றம், புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. இந்த அளவில் ஆடியின் அணுக்கள் வெப்பத்தால் துடிப்பதே பெரும் இரைச்சல். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஓரிடத்தில் ஒதுக்க முடியும். தட்டினால் நெடுநேரம் ஒலித்துக்கொண்டிருக்கும் பொருளில் வெப்பத் துடிப்பு முழுவதும் அதன் சொந்த அதிர்வெண்ணை ஒட்டியே குவிந்துவிடுகிறது. மற்ற அதிர்வெண்கள் அமைதியாகக் கிடக்கும். சட்டென்று ஒலி அடங்கும் பொருளிலோ இரைச்சல் எங்கும் பரவிவிடும். ஆற்றலை விழுங்கும் பொருள் ஆற்றலை இரைச்சலாகத் திருப்பியும் தரும் என்ற இந்தத் தொடர்பைப் பொதுவிதியாக 1951-இல் காலனும் வெல்ட்டனும் நிறுவினார்கள். அறைவெப்பத்தில் சிலிக்காக் கண்ணாடி மிக நெடுநேரம் ஒலிக்கும் பொருள்களில் ஒன்று. பாய்ஸின் இழை பிசகாமல் திரும்பியதற்கும் காரணம் அதுவே.

ஆனால் கண்ணாடி உடையும். இதைச் சொல்ல அறிவியல் தேவையில்லை என்று தோன்றும். எப்போது உடையும் என்று சொல்லத் தேவை. 1920-இல் ஏ. ஏ. கிரிஃபித் காட்டியது இது: கண்ணாடியின் உள்ளார்ந்த வலிமை எஃகைத் தோற்கடிக்கும். அதை வீழ்த்துவது மேற்பரப்பிலுள்ள நுண்கீறல்கள். இழை மெலிய மெலியக் கீறலுக்கு இடம் குறைகிறது, வலிமை கூடுகிறது. ஆகவே புதிதாக இழுத்த சிலிக்கா இழையை யாரும் தொடுவதில்லை. இத்தாலியில் பீசா நகருக்கு அருகிலுள்ள விர்கோ ஈர்ப்பலைக் கருவி இந்தப் பாடத்தைச் சிரமப்பட்டுக் கற்றது. 42 கிலோ ஆடிகளைத் தாங்கிய இழைகள் அடுத்தடுத்து அறுந்தன. இழையில் குற்றமில்லை. வெற்றிடப் பம்புகளிலிருந்து வந்த தூசித் துகள்கள் இழையில் மோதிக் கீறியிருந்தன. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை ஆடிகளை எஃகுக் கம்பியில் தொங்கவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் விர்கோ அப்படித்தான் அவதானிப்பில் இறங்கியது. கண்ணாடி இழைகள் அடுத்த ஆண்டுதான் திரும்பின.

காமியோகாவில் நடந்தது இன்னும் பெரிய விபத்து. சூப்பர் காமியோகாண்டேயின் குமிழ் ஒவ்வொன்றும் 50 செ.மீ. விட்டமுள்ள ஒளிப்பெருக்கிக் குழாய், உள்ளே வெற்றிடம். அவ்வளவு பெரிய போரோசிலிக்கேட் குமிழை எந்திரத்தால் வார்க்காமல் கைத்தேர்ந்த ஊதுநர்கள் ஊதிச் செய்தார்கள். 2001 நவம்பர் 12 அன்று, பராமரிப்பு முடிந்து தொட்டியில் நீர் நிரம்பிக்கொண்டிருந்தபோது அடிப்பகுதிக் குழாய் ஒன்று உள்நோக்கி நொறுங்கியது. அந்த வெற்றிடத்துக்குள் நீர் பாய்ந்து மோதிய அதிர்ச்சியலை பக்கத்துக் குழாயை நொறுக்கியது, அது அடுத்ததை. சில நொடிகளில் ஏறத்தாழ 7,000 குழாய்கள் போய்விட்டன. எஞ்சியவற்றைப் பரவலாக அமைத்துக்கொண்டு அடுத்த ஆண்டே வேலையைத் தொடங்கினார்கள்; முழு எண்ணிக்கை 2006-இல்தான் திரும்பியது. திருத்தம் என்னவென்றால், கண்ணாடியை மாற்றவில்லை. ஒவ்வொரு குழாயின் முன்புறத்துக்கும் அக்ரிலிக் மூடியும் பின்புறத்துக்கு இழைவலுவூட்டிய பிளாஸ்டிக் உறையும் மாட்டினார்கள். ஒன்று நொறுங்கினாலும் அதிர்ச்சி வெளியே போகாது. கண்ணாடி உடையும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த உடைவு பரவாமல் தடுத்தார்கள்.

நியூட்ரினோவுக்கும் கண்ணாடிக்கும் நம் பக்கத்திலும் உறவு உண்டு. 1965-இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் பதிவு செய்தபோது, பயன்பட்ட கருவிகளில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. தேனி மாவட்டத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மதுரையில் கட்டிய சிறு மாதிரிக் கருவியில் இரும்பு அடுக்குகளுக்கிடையே இருப்பவை கண்ணாடித் தகடுகள். சன்னலுக்குப் போடும் அதே வகை மிதவைக் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கிடையே வாயுவை நிரப்பி உயர் மின்னழுத்தம் தந்தால் துகள் கடந்த இடத்தில் சிறு பொறி எழும். கண்ணாடி மின்சாரத்தை ஏறத்தாழக் கடத்தாததால் பொறி பரவாமல் அங்கேயே அடங்கும். அந்தத் திட்டத்தைச் சுற்றி எழுந்த எதிர்ப்பும் வழக்கும் தனிக் கட்டுரைக்குரியவை.

இப்போது குளிருக்குப் போகலாம், ஏனெனில் நீலக்கல் மேடையேறுவது அங்கேதான். வெப்ப இரைச்சலைக் குறைக்க எளிய வழி ஆடியைக் குளிர்விப்பது. அப்படியானால் லிகோவின் ஆடிகளைக் குளிரவைத்தால் என்ன? வேலைக்கு ஆகாது. சிலிக்காக் கண்ணாடியை ஆழ்குளிருக்குக் கொண்டுபோனால் அது ஒலிக்கும் நேரம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. ஒழுங்கற்ற வலைப்பின்னலில் சில அணுக்கூட்டங்களுக்கு ஏறத்தாழச் சமமான இரண்டு இருக்கைகள் உண்டு. சில பத்துக் கெல்வின் வெப்பநிலையில் அவை அங்குமிங்கும் தாவுவது அதிர்வின் வேகத்தோடு பொருந்திவிடுகிறது, ஆற்றல் உறிஞ்சப்படுகிறது. ஜூலின் வெப்பமானியைக் கெடுத்த அதே தளர்ச்சியின் வேறு முகம் என்று இதைச் சொல்லலாம். போதாக்குறைக்கு, குளிரில் கண்ணாடி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். வெற்றிடத்தில் தொங்கும் ஆடியில் லேசர் விட்டுச்செல்லும் சூடு வெளியேற இழையைத் தவிர வழியில்லை. கண்ணாடி இழை அந்த வழியை அடைத்துவிடும்.

நீலக்கல்லில் தாவுவதற்கு இருக்கையே இல்லை. எல்லா அணுவும் தன் இடத்தில். குளிரக் குளிர அது மேலும் நெடுநேரம் ஒலிக்கிறது. வெப்பம் என்பது படிகத்துக்குள் ஓடும் அதிர்வலை. அது இடறி விழ ஒழுங்கின்மை வேண்டும். ஆகவே 30 கெல்வினை ஒட்டி, தூய நீலக்கல்லின் வெப்பக் கடத்துதிறன் அறைவெப்பத்துச் செம்பினுடையதைப்போலப் பல மடங்காகிவிடுகிறது. காக்ரா தன் ஆடிகளை 20 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கத் திட்டமிட்டு, தொங்கு இழைகளையும் நீலக்கல்லிலேயே செய்தது இதனால்தான்.

லிகோவும் தன் மேம்பட்ட வடிவத்துக்கு நீலக்கல்லைத் தீவிரமாகப் பரிசீலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறைவெப்பத்தில் நீலக்கல் சிலிக்காவைவிடப் பத்து மடங்கு அதிகம் விரியும். ஆடிக்குள் வெப்பம் அங்குமிங்கும் ஏறியிறங்கும்போது மேற்பரப்பு நெளியும், அதுவே ஒரு புது இரைச்சல். ஒளியியல் தரத்திலும் சிலிக்கா நெடுங்காலப் பழக்கமுள்ள பொருள். ஆகவே கைவிட்டார்கள். அதே கல் அறையில் தோற்று, குளிரில் வென்றது.

வென்றது என்பதையும் அளந்தே சொல்ல வேண்டும். ஒழுங்குக்கும் விலை உண்டு. படிகத்துக்குத் திசை உண்டு. எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பொறுத்து ஒளி வேறு வேகத்தில் செல்லும். இந்த இரட்டை ஒளிவிலகலைத் தவிர்க்கப் படிகத்தின் அச்சை ஒளியின் பாதையோடு சரியாகப் பொருத்துகிறார்கள். பெரிய கல்லில் அச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காக்ராவின் ஆடிகளில் இடத்துக்கு இடம் மாறும் இந்த விலகல் பெருந்தொல்லையாகியது. கண்ணாடியில் திசையே இல்லை. அதன் ஒழுங்கின்மை இங்கே வரம். வெப்பத்தைக் கடத்தியாக வேண்டுமென்பதால் நீலக்கல் இழைகள் 1.6 மி.மீ. தடிமனில் அமைந்தன, லிகோவின் இழையைப்போல நான்கு மடங்கு. இழை தடிக்கத் தடிக்க விறைப்பும் இரைச்சலும் கூடும். குளிர்ந்த ஆடியின்மேல் எஞ்சிய வாயு உறைந்து படிகிறது. 2024 புத்தாண்டன்று நோட்டோ தீபகற்பத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆடிகளின் தொங்கமைப்பைச் சேதப்படுத்தியது. காக்ரா இன்னும் லிகோவின் உணர்திறனை நெருங்கவில்லை. இது திட்டத்தின் தோல்வி என்று நான் கருதவில்லை; நூறாண்டுப் பழக்கமுள்ள பொருளோடு புதுப் பொருள் போட்டியிடும்போது இப்படித்தான் ஆகும்.

23 கிலோ நீலக்கல் எங்கிருந்து வந்தது? இரத்தினபுரியிலிருந்து வர முடியாது. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னெய் 1902-இல் வெளியிட்ட முறையில், அலுமினா தூளை ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடர் வழியே தூவினால் 2,000 பாகைக்கு மேல் அது உருகிச் சொட்டுச் சொட்டாகப் படிந்து படிகமாக வளரும். அவர் செய்தது மாணிக்கம். சில ஆண்டுகளில் நீலக்கல்லும் கைவந்தது. நகைச் சந்தைக்கென்று பிறந்த இந்த முறையை விழுங்கிக்கொண்டது கருவித் தொழில். 1704-லேயே லண்டனில் ஃபாஷியோ டி டுயில்லியேவும் அவருடைய கூட்டாளிகளும் துளையிட்ட மாணிக்கத்தைக் கடிகார அச்சுக்குத் தாங்கியாக வைக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். வைரம் தவிர்த்த இயற்கைக் கற்களில் குருந்தமே கடினமானது. எஃகு முனை அதில் பல்லாண்டு சுழன்றாலும் தேயாது. செயற்கைக் கல் வந்தபின் கடிகாரம், திசைகாட்டி, மின்னளவி, விமானக் கருவி என்று எங்கும் அது நுழைந்தது. இந்தத் தாங்கிகளுக்குச் சுவிட்சர்லாந்தையே நம்பியிருக்க முடியாதென்று அமெரிக்க அரசு 1950-களில் வட டகோட்டாவின் ரோலா என்ற சிற்றூரில் இதற்கென்றே ஆலை கட்டியது. நம் வீட்டு வாசலில் அலுமினியத் தட்டு சுழன்றுகொண்டிருந்த பழைய மின்மீட்டர்கள் பலவற்றின் அடியிலும் செயற்கை நீலக்கல் கிண்ணம் ஒன்று அந்த அச்சைத் தாங்கி நின்றது. மின்கட்டணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பெரிய கற்களுக்கு வேறு முறை வேண்டும். ஸ்பைரோ கிரோபுலோஸ் 1926-இல் விவரித்த வழியில், உருகிய குழம்பின் மேற்பரப்பில் விதைப் படிகத்தைத் தொடவைத்து மெல்ல மெல்லக் குளிரவிடுகிறார்கள். இன்று 100 கிலோவைத் தாண்டிய கட்டிகளும் வளர்கின்றன. இவ்வளவு பெரிய உலைகளுக்குப் பணம் போட்டது இயற்பியல் அல்ல. நீல எல்.இ.டி. விளக்கின் காலியம் நைட்ரைடு அடுக்கை நீலக்கல் தகட்டின்மேல்தான் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். தெருவிளக்கும் தொலைக்காட்சியும் கேட்ட கல்லில் ஒரு சிறு பங்கு ஆய்வுக்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது.

சன்னலாகவும் நீலக்கல் உழைக்கிறது. சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பில் 3 மைக்ரானை நெருங்கும்போதே இருண்டுவிடும். நீலக்கல் புறஊதாவிலிருந்து 5 மைக்ரான் தாண்டியும் ஒளியை விடும். அழுத்தத்தையும் அமிலத்தையும் சூட்டையும் தாங்கும். 1978 டிசம்பரில் வெள்ளிக் கோளுக்குள் இறங்கிய பயனீர் வீனஸ் பெருங்கலத்தின் சன்னல்கள், ஒன்றைத் தவிர, நீலக்கல். அந்த ஒன்று மட்டும் 13.5 காரட் வைரம், ஏனெனில் அதன் பின்னாலிருந்த கருவிக்கு நீலக்கல்லும் விடாத நீள அலைகள் வேண்டியிருந்தன.

படிகத்தில் வேண்டுமென்றே அசுத்தம் சேர்க்கும் துறை லேசர். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் இயக்கிய உலகின் முதல் லேசரின் இதயம் குரோமியம் கலந்த செயற்கை மாணிக்கத் தண்டு. 1982-இல் பீட்டர் மௌல்டன் டைட்டானியம் கலந்த நீலக்கல்லை இயக்கிக் காட்டினார். ஒரு நொடியின் ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கே நீடிக்கும் ஒளித்துடிப்புகளை இன்று ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே பெறுகின்றன. அசுத்தம் சேர்க்காத கல்லும் காலக்கணக்கில் பங்கெடுக்கிறது. திரவ ஹீலியத்தின் குளிரில் வைத்த நீலக்கல் உருளைக்குள் நுண்ணலை சுற்றிச் சுற்றி வருவதை வைத்து, குறுகிய கால அளவில் எந்தக் குவார்ட்ஸ் கடிகாரத்தையும் மிஞ்சும் நிலைத்தன்மையை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் எட்டினார்கள்.

ஈர்ப்பலைத் துறையில் மட்டும் நீலக்கல்லின் இருக்கை உறுதியாகவில்லை. ஐரோப்பியர்கள் திட்டமிட்டுவரும் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி ஒரே இடத்தில் இரண்டு வகைக் கருவிகளை அமைக்கும். உயர் அதிர்வெண்களுக்கு அறைவெப்பத்தில் இயங்கும் கருவி. அதன் ஆடிகள் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள சிலிக்காக் கண்ணாடி. தாழ் அதிர்வெண்களுக்கு 10 முதல் 20 கெல்வினில் இயங்கும் கருவி. அதன் ஆடிக்கு வடிவமைப்பு ஆவணம் முதலில் சொல்வது சிலிக்கான் படிகத்தை. சில்லுத் தொழில் பெரிய சிலிக்கான் கட்டிகளை வளர்க்கப் பழகியிருக்கிறது. 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் சிலிக்கான் ஒளியை ஊடுருவ விடும். நீலக்கல் அங்கே மாற்று ஏற்பாடாக மட்டுமே பட்டியலில் நிற்கிறது.